சேர்க்கை சரியில்லை

கழுத்து முறிந்துவிடும் போல வலித்தது. சித்தாள் வேலை, காலையிலிருந்து கலவைச் சட்டி சுமந்த கழுத்து. ஆனாலும் அம்மாவின் கையில் தெம்பு மிச்சமிருந்தது. வாசலில் நின்ற ஒட்டடைக்குச்சியின் கன்னத்தில் பளாரென்று விழுந்தது.

"இனிமே இந்தப் படி ஏறுவியாடி?"

ஒட்டடைக்குச்சி, மகளின் வகுப்புத் தோழி; ஒல்லி உடம்புக்கு அம்மா வைத்த பெயர். மூன்று மாதமாக நினைத்த நேரத்துக்கு வருவாள். இரண்டு பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

நேற்று மகள் தலை துவட்டும்போது சட்டைக் கை மேலேறியது. கோடு கோடாகத் தழும்புகள், எல்லாம் ஆறி வெளுத்தவை. "நானேதாம்மா..." என்று மகள் ஆரம்பித்தாள். அம்மா துடைப்பத்தை எடுத்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

இன்று மகள் உள்ளறையில். வெளியே தாழ்ப்பாள்.

"அத்தை, அவள ஒரு அரை மணி நேரம் விடுங்க. அப்புறம் போயிடுறேன்."

"எதுக்கு, இன்னும் கத்துக்குடுக்கவா? சட்டைக் கைய மடி பாப்போம்."

ஒட்டடைக்குச்சி மடிக்கவில்லை. அம்மாவே கையைப் பிடித்து இழுத்து மடித்துவிட்டாள். அங்கே ஆறாததும் இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"பாத்தியாக்கா? நான் வெயில்ல வெந்து பிள்ளைய வளக்குறேன். இந்தச் சனியன் நோவாம வந்து கெடுத்துட்டு நிக்குது!"

"சேர்க்கை சரியில்லன்னா எல்லாம் இப்படித்தான்" என்றாள் அவள், நகராமல்.

"உங்கம்மா கிட்ட காட்டினியாடி இத?"

"வீட்ல யாரும் இல்ல அத்தை. அதான்..."

"ரொம்ப சௌகரியம். போ, போய் உன் இஷ்டத்துக்குக் கிழிச்சுக்கோ."

ஒட்டடைக்குச்சி சட்டைக் கையை இறக்கிவிட்டாள். தாழ்ப்பாளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு நடந்தாள். தெருமுனையில் அவள் மறையும்வரை அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். அதன் பிறகே உள்ளே வந்து தாழ்ப்பாளை நீக்கினாள்.

"தொலஞ்சா. இனிமேலாவது ஒழுங்காப் படி."

மகள் அழவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி கிளம்புற?"

"மூணு மாசமா நான் ஒண்ணும் பண்ணிக்கலம்மா. தோணுறப்பல்லாம் கூப்பிடுவேன், அவ ஓடி வந்து பக்கத்துல உக்காந்திருப்பா."

அம்மா வாசலை மறித்துக்கொண்டே நின்றாள்.

"இன்னிக்கு அவளுக்குத் தோணுது. நான் போய் உக்காரணும், அந்தக் கடன் பாக்கியிருக்கு."