யஷ்வந்துக்குச் சாட்சி

"ஒரே ஒரு கையெழுத்துதாம்மா. போட்டுடுங்க. ஜாஸ்தி பேஜார் வேணாம்" என்றான் முஸம்மில்.

பங்கஜம் தாளை வாங்கவில்லை. அவன் அதை டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தான். ஆம்பூர் பைபாஸ் வெயிலில் வண்டி ஓட்டி வந்தவன், டீயைத் தொடவே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மூன்று நாள்தான் ஆகிறது. தெருமுனை கண்ணீர் அஞ்சலி பேனரில் அவள் மகன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். அதில் முதலில் 'எஸ்வந்த்' என்று அடித்திருந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ரேஷன் கார்டு வரை எல்லாரும் செய்த தப்பு. அவள்தான் பிடிவாதமாகத் திருப்பி அடிக்கவைத்தாள். யஷ்வந்த்.

பலமனேர்க்காரரான அவள் புருஷன் உயிரோடு இருந்தபோது வைத்த பெயர். தெலுங்கில் யசஸ்ஸு என்றால் புகழ் என்று சொல்லித்தான் வைத்தார்.

தோல் பதனிடும் ஷாப்பில் கூட வேலை செய்த பீகார் பையன்கள் அவனை யஷ் என்றார்கள். அவர்கள் ஊரிலும் அதற்குப் புகழ்தானாம்.

சாவுக்கு வந்த பெங்களூர் மேனேஜர் மட்டும், "எங்க கன்னடத்துல அது வெற்றி" என்றார். சொல்லிவிட்டு, அவசரமாகத் தன் செருப்பைத் தேடினார்.

இருபது வருஷம் அங்கன்வாடி டீச்சராக இருந்த பங்கஜத்துக்கு அந்த வித்தியாசம் மனதில் தங்கிவிட்டது.

வெற்றியை ஒருத்தன் தனியாகவே வைத்துக்கொள்ளலாம். புகழ் அப்படியில்லை. அதை இன்னொருத்தர் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

"நீயே படிப்பா" என்றாள்.

"உங்களுக்குப் படிக்கத் தெரியாதாம்மா?"

"உன் வாயால கேக்கணும்."

முஸம்மில் தாளை எடுத்தான். அவன் ஷாப்பில் மேஸ்திரி. யஷ்வந்துக்குப் பத்து வருஷத் தோஸ்த். இந்த வீட்டுத் தட்டில் சாப்பிட்டவன். ஆபீஸ் அவனைப் பார்த்து அனுப்பியதும் அதனால்தான்.

"மேற்படி தொழிலாளி, யாரும் சொல்லாமல், தன் கவனக்குறைவால், கழிவுத் தொட்டிக்குள் இறங்கி, விஷவாயு தாக்கி…"

இருமல் வந்துவிட்டது. பத்தொன்பது நாளாக அவனுக்கு அந்த இருமல்.

அவள் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"யாரும் சொல்லலைங்கறது நெசந்தானே?"

அவன் தலையை ஆட்டினான்.

"அப்ப அது இருக்கட்டும். நான் போடலைன்னா இன்னா பண்ணுவாங்க?"

"உங்கள ஒண்ணும் பண்ண மாட்டாங்கம்மா. என்னத்தான்…"

பங்கஜம் அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினாள். அவன் முகத்தில் உயிர் வந்தது.

'தன் கவனக்குறைவால்' என்பதன் மேல் ஒரே கோடாக அடித்தாள். அதற்கு மேலே, பிள்ளைகளுக்குப் பலகையில் எழுதிக்காட்டுகிற குண்டு எழுத்தில், நிறுத்தி நிதானமாக எழுதினாள். அடியில் தன் பெயரை முழுதாகப் போட்டாள். தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இப்பப் படி."

முஸம்மில் உதட்டுக்குள்ளேயே படித்தான்.

'மேற்படி தொழிலாளி, யாரும் சொல்லாமல், உள்ளே மயங்கிக் கிடந்த மேஸ்திரி முஸம்மிலைத் தூக்கிவிட, கழிவுத் தொட்டிக்குள் இறங்கி…'

"கீழ சாட்சின்னு ஒரு எடம் காலியா கெடக்குது பாரு" என்று பங்கஜம் பேனாவை நீட்டினாள்.

நீட்டிய கையை அவள் இறக்கவில்லை.