மாமியார் சர்வே

"எதுனாலும் எங்கிட்டக் கேளுங்கத்தா. பிள்ள பெத்தவ நானு. இவளுக்கு இப்பத்தேன் ஏழு மாசம், இவளுக்கு என்ன தெரியும்?"

வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள் சண்முகத்தாய். பின்னால் மருமகள் சுபாஸ்ரீ குனிந்த தலை நிமிரவில்லை.

கர்ப்பிணிகளுக்கான திட்டமெல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று கணக்கெடுக்கத் தேனியிலிருந்து தேவாரத்துக்கு வந்திருந்தார்கள் தேவயானியும் முத்துலட்சுமியும். கர்ப்பிணியைத் தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும், பக்கத்தில் ஈ காக்கா இருக்கக் கூடாது என்பது விதி. மாமியார் எதிரில் எந்த மருமகள் உண்மை பேசுவாள்? நேற்று முழுக்க இதே கூத்து, ஒரு வீட்டிலும் உருப்படியான பதில் தேறவில்லை.

அதற்காகவே தேவயானி இன்று ஒரு டம்மிப் படிவம் கொண்டுவந்திருந்தாள். எந்த ஆபீசுக்கும் போகாத படிவம்.

"அம்மா, மாமியார்களுக்குன்னே தனியா ஒரு சர்வே இருக்கு. அனுபவம் உள்ளவகளாப் பாத்துக் கேக்கச் சொல்லியிருக்காக. நீங்க இங்கன உக்காருங்க."

சண்முகத்தாய்க்கு வாயெல்லாம் பல். பிளாஸ்டிக் சேரை வாசலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முத்துலட்சுமி நைசாக சுபாஸ்ரீயை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"மொத்தம் எத்தனை பிரசவம்மா?"

"நாலு! மொதப் பிரசவம் திராட்சைத் தோட்டத்துல. பழம் வெட்டிக்கிட்டு இருக்கேன், வலி வந்துருச்சு. பெத்துப் போட்டுட்டு மிச்சப் பழத்தையும் வெட்டிட்டுத்தேன் வீட்டுக்கு வந்தேன்."

"ஆத்தாடி!"

"ரெண்டாவது, ஏலத்தோட்டத்துக்குப் போற ஜீப்புல. டிரைவர் மயங்கி விழுந்துட்டான். அவன் மூஞ்சியில தண்ணி தெளிச்சதும் நாந்தேன்."

தெருமுனை வரைக்கும் கேட்கிற குரல். மூன்றாவது, ஓட்டுப் போட நின்ற வரிசையில். "பிள்ளையையும் பெத்து, விரல்ல மையும் வச்சுக்கிட்டு வந்தேன்த்தா!" நாலாவது, வீரபாண்டித் திருவிழாவில் தேர் இழுக்கிற கூட்டத்தில்.

தேவயானிக்கு மனசு கேட்கவில்லை. அடப்பாவமே, இத்தனை கஷ்டப்பட்ட மனுஷியைப் போய் ஏமாற்றுகிறோமே! டம்மிப் படிவம்தான் என்றாலும் ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள்.

கதவு திறந்தது. வேலை முடிந்தது என்று முத்துலட்சுமி கண்ணைக் காட்டினாள். சுபாஸ்ரீ அழுது தெளிந்த முகத்தோடு காபி போட அடுப்படிக்குப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் சண்முகத்தாய் குரலைத் தணித்தாள்.

"மனசு விட்டுப் பேசுனாளாத்தா?"

முத்துலட்சுமி திகைத்துப் போனாள். "பேசுச்சும்மா. நாளைக்கு நர்ஸ் வந்து பாப்பாக."

"அப்பாடா! கொஞ்ச நாளாச் செவுத்தப் பிடிச்சுக்கிட்டு நடக்குறா. என்னன்னு கேட்டா, 'நல்லாத்தேன் இருக்கேன் அத்தை'ங்கிறா. மாமியார் சர்வேன்னு நீ சொன்னதுமே வெளங்கிருச்சு, அவளத் தனியாப் பேச வைக்கத்தேன்னு. நான் எந்திரிச்சுப் போயிருந்தா, எங்கிட்டோ நின்னு ஒட்டுக் கேக்குறேன்னு பயந்து வாயே தெறந்திருக்க மாட்டா. என் சத்தம் வாசல்ல கேட்டாத்தேன் அவளுக்குத் தைரியம்."

"அப்ப அந்த நாலு பிரசவம்?" என்றாள் தேவயானி.

"எனக்கு ஏது நாலு? ஒத்தப் பிள்ளதேன். அவனும் பெரியாஸ்பத்திரியில, ரெண்டு டாக்டர் பக்கத்துல நிக்கப் பெறந்தவன். அந்தக் காயிதத்தக் கிழிச்சுப் போடுத்தா!"