நூறாவது நெஞ்சு

கற்பூரத்தை அடித்துச் சத்தியம். இனி வருவதில் ஓர் எழுத்துகூடக் கூட்டியதில்லை. குறைத்தது வேண்டுமானால் உண்டு. முழுசாகச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

பயிற்சிக்கு வந்திருந்த பெண் பட்டனை அழுத்தினாள்.

எக்ஸ்ரே அறையில் சின்னதாக ஒரு 'டிக்'.

நூறு.

டெக்னீஷியன் படிப்பை முடிக்கப் பதிவேட்டில் நூறு நெஞ்சுப் படம் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சீனியர் சவரிமுத்துவின் கையெழுத்து வேண்டும். பதிவேட்டை இன்று மாலை ஐந்துக்குள் எதிர்க் கட்டிடத்து அலுவலகத்தில் கொடுக்காவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது. இன்னும் ஒரு வருடம் இதே அறை, இதே 'டிக்'.

மணி மூன்றரை.

கை, கால் என்றால் ஆடாமல் இருந்தால் போதும். மூச்சு அவரவர் பாடு. நெஞ்சுக்குத்தான் முறை உண்டு. முகவாயைத் தூக்கச் சொல்ல வேண்டும். கையை இடுப்பில் வைத்துத் தோளை முன்னே தள்ளச் சொல்ல வேண்டும். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும்.

படம் எடுத்ததும், விடச் சொல்ல வேண்டும்.

தொண்ணூற்றொன்பது பேருக்குச் சொன்னாள்.

நூறாவது ஆள் ஓய்வுபெற்ற ஏட்டு சடையாண்டி. அவருக்குச் சொல்லவில்லை. பதிவேட்டில் நூறு என்று எழுத ஓடிவிட்டாள்.

சவரிமுத்து படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அருமையான படம். பேனாவைத் திறந்தார். மூடினார்.

"ஆளு எங்க?"

"போயிட்டாரு சார்."

"மூச்ச விடச் சொன்னியா?"

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாதிக் கேஸுக்குக் கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்ல. போ. முடிச்சுட்டு வா."

வேறு யாராக இருந்தாலும் வாசலைத் தாண்டும் முன்பே விட்டிருப்பார்கள். சடையாண்டி முப்பத்திரண்டு வருடம் போலீஸில் இருந்தவர். பாராக் காவலுக்கு நிறுத்தியவர் வந்து போகச் சொல்லாமல், நின்ற இடத்தைவிட்டு நகர்ந்தவர் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடைக்காரர் கை நீட்டிக் காட்டினார்.

"ஏட்டையாவா? கன்னத்த உப்பிக்கிட்டு ஏழாம் நம்பர்ல ஏறுனாரு. விடுங்கய்யான்னு நான்கூடச் சொல்லிப் பாத்தேன். மாட்டேன்னு தலைய ஆட்டிட்டாரு."

ஏழாம் நம்பர் பஸ் ஒரு நடை போய்த் திரும்பியிருந்தது. கண்டக்டர் அவரை மறக்கவில்லை. இடுப்பில் கை வைத்தபடியே உட்கார்ந்ததில், முழங்கை பக்கத்துக்கு ஒன்றாக நீட்டிக்கொண்டு, மூன்று பேர் சீட்டை ஒருவரே அடைத்துக்கொண்டாராம். இறங்க வேண்டிய இடத்தை மூக்கால் காட்டினாராம்.

மார்க்கெட்டுக்குப் பின்னால், மூன்றாவது சந்து.

கூடத்தில் நாற்காலியில் அவர். முகவாய் மேலே. கை இடுப்பில். முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது.

எதிரே தரையில் அவர் மனைவி ராக்கம்மாள். பேசிக்கொண்டே இருந்தாள்.

வந்தவள் வாயைத் திறந்தாள்.

ராக்கம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"செத்தப் பொறு தாயி. வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து இன்னைக்குத்தான் இந்த மனுசன் குறுக்க பேசாமக் கேக்குறாரு. இப்பத்தான் அவுக தங்கச்சி கல்யாணக் கதைக்கு வந்திருக்கேன்."

மணி நாலு பத்து.

ஒரே ஒரு சொல். சொல்லிவிட்டு ஓடினால் பரீட்சை.

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

தங்கச்சி கல்யாணம் முடிந்தது. மாமியார் பேசிய பேச்சு வந்து போனது. பிறகு மூத்தவள் பிறந்த நேரம் வந்தது. பிரசவ வார்டில் தனியாகக் கிடந்த மூன்று நாள். ஒரு முகம்கூட எட்டிப் பார்க்காத மூன்று நாள்.

அங்கே ராக்கம்மாளின் குரல் இறங்கிவிட்டது.

ஏட்டின் கண்ணில் நீர். மூச்சு முட்டியும் வந்திருக்கலாம்.

ராக்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அம்புட்டுத்தான். இப்பச் சொல்லு தாயி."

நாலு முப்பத்தைந்து.

"விடுங்க சார்."

விட்டார்.

கொடியில் கிடந்த வேட்டி பக்கத்து வீட்டு மாடிக்குப் போனது. சுவரிலிருந்த தினசரிக் காலண்டர் ஆடியிலிருந்து கிளம்பி ஐப்பசிக்குப் போய், தீபாவளிக்கு மறுநாளில் நின்றது. சந்து முனையில் நின்ற சைக்கிள் ஒன்று தானாக மார்க்கெட் வரை போனதை நான் சொல்லப்போவதில்லை.

எல்லாம் அடங்கியதும் சடையாண்டி கையை இடுப்பிலிருந்து எடுத்தார். மனைவியைப் பார்த்தார்.

"அந்த மூணு நாளும் வார்டு வாசல்லதான் நின்னேன். உள்ள வாங்கன்னு யாரும் சொல்லல."

ராக்கம்மாள் காப்பி போட எழுந்தாள்.

நாலு ஐம்பத்தெட்டுக்குச் சவரிமுத்து கையெழுத்துப் போட்டார். ஒரு நிமிடம் மிச்சமிருக்கப் பதிவேடு அலுவலகத்துக்குள் போனது.

இன்றைக்கும் அங்கே அலமாரியில் இருக்கிறது. யாரும் போய்ப் பார்க்கலாம். நூறாவது வரியை மட்டும் பார்க்க வேண்டாம்.

நூறாவது வரி: சடையாண்டி, வயது அறுபத்திரண்டு, வலது முழங்கால்.