நம்ம ஆளு

“ரமணி, எந்திரிங்க! ‘செல்வி77’, அதுதானே உங்க பாஸ்வேர்ட்?”

ரமணிக்கு முகம் வெளிறிப்போனது. மலேசியாவின் கிள்ளானில் இருந்த அந்தச் சரக்கு நிறுவனத்தின் கம்ப்யூட்டர் அதிகாரி சிவகுருநாதன், கையிலிருந்த பட்டியலை மேசையில் ஓங்கி அடித்தார்.

“விஜயன், ‘வேலவன்’. லெட்சுமி, ‘ரோஜா’. இன்னும் படிக்கவா? மொத்தம் பதினோரு பேரு!”

“உங்களுக்கு எப்படி சார் தெரியும்?” என்று இழுத்தான் விஜயன்.

“நீதானே சொன்ன! நேத்து மூணு மணிக்கு மேல, ‘கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவங்க பேசறோம்’னு போன் வந்துச்சே, அது நான்தான். குரல மாத்திப் பேசினேன். ஒரு ஆளாச்சும் யாரு எவருன்னு கேட்டீங்களா?”

“தமிழ்ல பேசினீங்க லா, சார். நம்ம ஆளுதானேன்னு...”

“திருடனுக்குத் தமிழ் வராதா?”

அவருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார், கூட்டம் போட்டுத் தொண்டை வறளப் பேசினார். இவர்கள் கொட்டாவி விட்டதுதான் மிச்சம். எவனாவது கம்ப்யூட்டருக்குள் புகுந்து ஒரு கண்டெய்னரைக் கிளப்பிக்கொண்டு போனால், முதலில் போவது அவருடைய வேலை. முதலாளி அதை முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

“வாய மூடிக்கிட்டு இருக்கத் தெரியாத உங்ககிட்ட கம்ப்யூட்டர குடுத்தது எங்க தப்பு!”

கடைசி மேசையில் இருந்த புஷ்பவல்லியை நோக்கிக் கையை நீட்டினார். துறைமுகத்திலிருந்து கண்டெய்னர்களை வெளியே விடக் கம்ப்யூட்டரில் உத்தரவு போடுவது அவள் வேலை.

“பன்னெண்டு பேர்ல இவங்க ஒருத்தருக்குத்தான் மூளை இருக்கு. என்ன சொன்னாங்க தெரியுமா? ‘எத்தன தடவதான் கேப்பீங்க, வேற வேல இல்லயா’ன்னு போன படார்னு வச்சிட்டாங்க. அப்படி இருக்கணும்!”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லெட்சுமி பொறாமையோடு கைதட்டினாள். புஷ்பவல்லி மட்டும் சிரிக்காமல், நாற்காலியைத் தள்ளிவிட்டு மெதுவாக எழுந்தாள்.

“சொல்லுங்கம்மா. இதுங்களுக்கு நல்லா உறைக்கிற மாதிரி சொல்லுங்க.”

அவள் மேசையிலிருந்த போனை ஒரு தடவை பார்த்தாள்.

“நேத்து காலையில கேட்டப்பவே சொல்லிட்டேனே, சார்... அதுவும் நீங்கதானே?”