கருப்பன் மேல் சத்தியம்

எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். பாண்டித்துரை மட்டும் சவாசனத்திலேயே கிடந்தார்.

கடலாடி சமுதாயக் கூடத்தில் நாற்பது பேர் அவரையே பார்த்தார்கள்.

"மச்சானுக்கு இந்த ஒரு ஆசனந்தான் நல்லா வரும்" என்றான் முத்தழகு. வரிசையே சிரித்தது.

"எழுப்பாதீங்க. உள்ளுக்குள்ள ஆழ்ந்து போயிருக்காரு" என்று கையமர்த்தினாள் யோகா டீச்சர் யுவராணி.

நாகலெட்சுமி கணவனின் நெற்றியைப் பார்த்தாள். மின்விசிறிக்கு நேர் கீழே படுத்திருந்தும் வியர்த்துக் கொட்டியது. உதடு வெளுத்திருந்தது.

மூன்று மாதத்துக்கு முன் இதே கூடத்தில்தான் அவர் எழுந்து நின்று சொன்னார்: இனி யோகாவும் குதிரைவாலிக் கஞ்சியும்தான், கருப்பன் மேல் சத்தியமாக சர்க்கரை மாத்திரையைத் தொடமாட்டேன் என்று. எந்த டாக்டரையும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து தினமும் விடியலில் ஒரு மாத்திரையை நுணுக்கி அவர் கஞ்சியில் கலந்து வந்தாள் நாகலெட்சுமி. தெரியாமல் தின்றால் சத்தியம் முறியாது என்று கருப்பனிடம் அவளே பேசி முடித்திருந்தாள்.

சர்க்கரை இறங்கியது. அவரைப் பார்த்து ஊரில் பாதிப் பேர் யோகா பாய் வாங்கினார்கள். இன்றைக்கு நர்ஸ் சோலையம்மாள் எல்லோர் முன்னாலும் அவர் விரலில் குத்திப் பார்ப்பதாக ஏற்பாடு.

ஒரு மாத்திரைக்கு அவருக்கு இப்படி ஆனதே இல்லை.

வாயைத் திறந்தால் அவர் மானம் போகும். திறக்காவிட்டால் அவரே போய்விடுவார்.

"சீனி கொண்டாங்க! சுகர் இறங்கிப் போச்சு, சீனி!"

"சுகர்காரருக்குச் சீனியா அக்கா?" என்றது ஒரு குரல்.

சோலையம்மாள் ஓடி வந்து விரலில் குத்தினாள். நாற்பத்தொன்று. ஆம்புலன்சுக்குப் போன் பறந்தது. அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, டீக்கு வாங்கி வைத்திருந்த சீனியைக் குழைத்துக் கன்னத்தின் உட்பக்கம் தடவினாள்.

வியர்வையைத் துடைக்க, அவர் கழற்றி மடித்து வைத்திருந்த சட்டையை எடுத்தாள் நாகலெட்சுமி. பையில் ஏதோ சரசரத்தது.

மாத்திரை அட்டை. அவள் கஞ்சியில் நுணுக்கிப் போடும் அதே பச்சை மாத்திரை. பத்தில் ஒன்று மட்டும் இல்லை.

இன்றைய சோதனைக்குப் பயந்திருக்கிறார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்திருக்கிறார்கள்.

யாரும் பார்க்குமுன் அட்டையை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவர் தொண்டை அசைந்தது. எச்சிலை விழுங்கினார். இமை மெல்லப் பிரிந்தது.

"வெறும் கஞ்சிக்கும் யோகாவுக்கும் இம்புட்டு இறங்காது. ஆஸ்பத்திரியில கேப்பாக. உண்மையச் சொல்லு தாயி" என்றாள் சோலையம்மாள்.

"நாந்தான் மாத்திரைய நுணுக்கிக் கஞ்சியில போட்டேன். அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது."

பாண்டித்துரையின் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"எத்தன போட்ட தாயி?"

"ரெண்டு" என்றாள்.