பிரேக்கில் காற்று

"அமுக்கு" என்று ஜீப்புக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

இருளம்மாள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடி பிரேக் பெடலை மிதித்தாள். அது கால்வாசிகூட இறங்கவில்லை. கல் மாதிரி நின்றது.

அவள் பயந்தபடியேதான். பிரேக் நன்றாக இருந்தது.

"அமுக்கிட்டேன்" என்றாள், குரலில் காட்டிக்கொள்ளாமல்.

"பிடி."

"பிடிச்சிருக்கேன்."

கீழே மல்லாந்து கிடந்த உக்கிரபாண்டி பின்சக்கரத்தின் உட்புறம் இருந்த நட்டைத் தளர்த்தினார். அதில் மாட்டிய குழாய் வழியாக ஆயில் பாட்டிலுக்குள் இறங்கியது. ஆயிலில் காற்றுப் புகுந்திருந்தால் குமிழியாக வரும்; அது போனால்தான் பிரேக் பிடிக்கும். பெடல் மெல்லத் தரையைத் தொட்டதும் நட்டை இறுக்கினார்.

"விடு."

"விட்டுட்டேன்."

ஒரு சக்கரத்துக்குப் பத்துத் தரம். நாலு சக்கரம். ஞாயிற்றுக்கிழமைதோறும் இது நடக்கிறது.

ஏலத்தில் எடுத்த பட்டாளத்து ஜீப். அதில் இப்போது என்ஜின் கிடையாது. அதை ரிப்பேருக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இறக்கி வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் தயாராகவில்லை.

அதற்காக வண்டியைச் சும்மா விட முடியுமா? ஓடாத டயர் ஒரே பக்கமாக உட்கார்ந்துபோகும் என்று, வாரம் ஒருமுறை ஜீப்பை அரைச் சுற்று முன்னால் தள்ளுவார் உக்கிரபாண்டி. அடுத்த வாரம் அரைச் சுற்று பின்னால். டயர் வெடிப்பில் மாட்டிய கல்லை ஆணியால் நெம்பி எடுப்பார். எங்கேயும் போகாத டயரில் கல் எப்படி வந்தது என்று அவரும் கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை.

பக்கத்து வீட்டுப் பரிபூரணம் வந்து பானெட்டைத் தூக்கினாள். என்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் அவள் வீட்டுக் கோழி முட்டையிட்டு வந்தது. இரண்டு முட்டையை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, இருளம்மாளின் சுங்கடிச் சேலையையும் தலையில் இருந்த பூவையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏட்டி, என்ஜினே இல்லாத வண்டிக்கு என்னத்துக்குப் பிரேக்கு? அதுக்கு இம்புட்டுச் சிங்காரம் வேற!"

"என்ஜின் இல்லாட்டி வண்டி போகாது, அம்புட்டுதான்க்கா. பிரேக் இல்லாட்டி நிக்காதுல்லா?"

பரிபூரணம் தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

உக்கிரபாண்டி பதினெட்டு வருஷம் பட்டாளத்தில் வண்டி பழுது பார்த்தவர். அந்தப் பதினெட்டு வருஷமும் பெண்டாட்டியோடு கடுதாசியில் ஓயாமல் பேசினார். உன் பல்வலி தேவலையா, மேலத்தோப்பு மா பூத்ததா, நேற்றுக் கனவில் நீ ஏன் கோபமாக இருந்தாய். மடிப்பில்கூட இடம் விடாமல் எழுதுவார்.

பென்சனோடு வந்து அவளுக்கு நாலடி தள்ளி உட்கார்ந்த பிறகு, எழுத வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. எழுதியதையெல்லாம் வாயாலும் சொல்லலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. சோறு வைத்தால் "ம்". போதுமா என்றால் "ம்".

முதல் தடவை ஜீப்புக்கு அடியிலிருந்து "அமுக்கு" என்று கேட்டபோது இருளம்மாளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அமுக்கு என்பதில் அவசரம் இருந்தது. பிடி என்பதில் கொஞ்சம் கெஞ்சல். விடு என்பதில் ஒரு பெருமூச்சு. முகம் தெரியாததால்தான் இவ்வளவு பேசுகிறாரோ என்று நினைத்துக்கொண்டாள். கடுதாசிக்கும் முகம் தெரியாதே.

ஆனால் இரண்டாவது வாரமே காற்றெல்லாம் வெளியேறி பிரேக் சரியாகிவிட்டது. அதன்பின் பன்னிரண்டு நாள் "ம்".

பதிமூன்றாம் நாள் அவள் ஸ்பேனரை எடுத்தாள்.

சனிக்கிழமைதோறும் அவர் என்ஜினை விசாரிக்க தங்கள் ஊரான தேவதானத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறுவார். பஸ் கண்ணுக்கு மறைந்ததும் அவள் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, பெடலைக் கையால் இரண்டு தடவை அமுக்கிக் காற்றை உள்ளே இழுக்க விட்டு, மறுபடி இறுக்கிவிடுவாள். மறுநாள் காலை பெடலை மிதித்துப் பார்த்துவிட்டு அவர் கோணிச்சாக்கை எடுத்து விரிப்பார்.

நேற்று ஆடிப்பூரத் தேர். ஒர்க்‌ஷாப் பூட்டு. அவர் எங்கேயும் போகவில்லை. பொழுது சாயும்வரை ஜீப்பைச் சுற்றிச் சுற்றியே வந்தார். அவளால் ஸ்பேனர் பக்கம் போகவே முடியவில்லை. ஆனாலும் இன்று காலை சாக்கு விரிந்துவிட்டது.

இப்போது இரண்டாவது சக்கரம் முடிந்தது. மூன்றாவதும் முடிந்தது. ஒவ்வொரு "விடு"வுக்கும் அவள் காலைக் கொஞ்சம் தாமதமாகவே எடுத்தாள். இதற்குமேல் எப்படி இழுப்பது என்று தெரியவில்லை.

நாலாவது சக்கரத்தின் பத்தாவது "விடு" வந்தது.

"விட்டுட்டேன்."

பாட்டில் வெளியே நகர்ந்து வந்தது. ஆயில் தெளிந்திருந்தது. ஒரு குமிழி இல்லை.

இருளம்மாள் சேலையைச் சரிசெய்துகொண்டு ஒரு காலை வெளியே வைத்தாள். இனி எத்தனை நாள் "ம்" என்று மனசு கணக்குப் போட்டது.

கீழேயிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் வந்தது.

"ஸ்டெப்னி பாக்கி இருக்கு."

ஸ்டெப்னி சக்கரம் ஜீப்பின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. பெடலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. குழாய் கிடையாது, நட்டு கிடையாது, பிரேக்கே கிடையாது.

வெளியே வைத்த காலை அவள் உள்ளே எடுத்துக்கொண்டாள்.

"அதுல காத்து நெறைய இருக்குமே," என்றாள். "செத்த நேரத்துல முடியாதுல்லா?"

"ஆகட்டும்."