பெஞ்சில் உட்கார வைத்தவர்

"டாக்டரே விளையாடலாம்னுட்டார். பையன் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு நின்னான். அப்புறமும் ஏன் அவனை பெஞ்ச்ல உட்கார வெச்சீங்க?"

தேர்வுக் குழுவில் இருந்த பர்ல் ஹாஸ்கர் இப்படிக் கேட்டதும் மெர்ல் ஸ்டாடர்ட் மடியில் கிடந்த தொப்பியைத் திருப்பி வைத்தார்.

"எனக்கும் அவனுக்கும் ஒரு சண்டை. அதான்."

அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணிக்குத் தலைமைக் கோச் வேலை கேட்டு வந்தவர் பேசுகிற பேச்சா இது?

ராய்ஸ் டில்லரிக்கு முகம் சிவந்துவிட்டது. கல்லூரியின் விளையாட்டுத் துறைத் தலைவர் அவர். ஸ்டாடர்டைக் கூப்பிடலாம் என்று எல்லோரிடமும் மல்லுக்கட்டி வரவழைத்ததே அவர்தான். அந்த ஆட்டம் முடிந்ததும் பேப்பர்காரர்களிடம் உளறியதையே இந்த மனுஷன் இன்றைக்கும் உளறுவார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

ஸ்டாடர்ட் வேறொரு கல்லூரிக்குக் கோச்சாக இருந்தபோது நடந்த அந்த இறுதி ஆட்டத்தைப் பார்க்காதவர் ஓக்லஹோமா மாநிலத்திலேயே கிடையாது. ஸ்டாடர்டின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிகிறவன், ஜேஸ் புரூயிட். தலையில் அடிபட்டு வெளியே வந்தான். டாக்டர் சோதித்துவிட்டு அனுப்பலாம் என்றார். ஸ்டாடர்ட் அனுப்பவில்லை. அவனுக்குப் பதில் ஒரு கத்துக்குட்டியை இறக்கினார். கோப்பை போச்சு. ஜேஸ் பெஞ்சில் உட்கார்ந்து அழுததை ஊரே டிவியில் பார்த்தது. பெரிய அணிகள் எதுவும் அப்புறம் அவனைச் சீண்டவில்லை. ஸ்டாடர்டையும் அந்தக் கல்லூரி துரத்திவிட்டது. அதிலிருந்து அவர் மச்சானின் டயர்க் கடையில் நிற்கிறார். இந்த வேலையும் கிடைக்காவிட்டால் கடைசிவரை டயர்தான்.

கொஞ்சம் வெளியே இருக்கும்படி பர்ல் சொன்னார். ஸ்டாடர்ட் எழுந்து போனார்.

கதவு மூடியதுதான் தாமதம், பர்ல் ஆரம்பித்துவிட்டார். ஸ்டேடியமே அவர் அப்பா பேரில் இருக்கிறது. அவர் பேச்சை யாரும் வெட்டமாட்டார்கள்.

"ஏன் ராய்ஸ், ஒரு பொடியன்கிட்ட வீம்பு பிடிக்கிற ஆளுகிட்டயா நம்ம பசங்களை ஒப்படைக்கச் சொல்றே? என் நாயைக்கூட நடத்திக் கூட்டிட்டுப் போக விடமாட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த அறையில் இதே வேலைக்கு வந்த இன்னொருவர் காத்திருந்தார். கோப்பை ஜெயித்தவர்களுக்குத் தரும் மோதிரத்தை ரெண்டு கையிலும் போட்டவர். பர்லுக்கு அவர்தான் வேண்டும்.

ஆனாலும் விசாரிக்காமல் அனுப்பினார்கள் என்று பேச்சு வரக்கூடாது, அந்தப் பையன் வாயாலேயே கேட்டுவிடலாம் என்றார் பர்ல். ஜேஸ் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கிறானாம். அவன் நம்பரை விசாரித்து வாங்குவதற்குள் சாண்ட்விச் வந்தது. சாப்பிட்டுக்கொண்டே கூப்பிட்டார்கள்.

ராய்ஸ் போனை மேசை நடுவில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். விஷயத்தைச் சொன்னார்.

"பயப்படாமச் சொல்லுப்பா," என்றார் பர்ல். "அந்த ஆளு உன் வாழ்க்கையை எப்படிக் கெடுத்தான்?"

"அவர் கெடுக்கல சார். நான் அந்த டெஸ்ட்ல ஏமாத்தினேன்."

எந்த டெஸ்ட் என்று யாருக்கும் புரியவில்லை. அவனே சொன்னான். ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன்னால் ஆகஸ்டில் ஒவ்வொருவனையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து ஞாபகசக்தியைச் சோதிப்பார்கள். பிற்பாடு தலையில் அடிபட்டால் டாக்டர் அதோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார். அதனால் ஆகஸ்டிலேயே பசங்கள் வேண்டுமென்று தப்புத்தப்பாகப் பதில் சொல்லிவிடுவார்களாம். அப்புறம் மூளை கலங்கிக் கிடந்தாலும் பாஸ்தான். அணியில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள், உங்கள் கல்லூரியிலும் கேட்டுப் பாருங்கள் என்றான்.

ராய்ஸ் வாயில் இருந்ததை விழுங்க மறந்தார். அவர் பொறுப்பில்தான் இங்கே அந்தச் சோதனை நடக்கிறது. இவ்வளவு மோசமாகச் செய்திருக்கிறார்களே என்று யாரோ கேட்டபோது, பசங்களுக்கு உடம்பு வளர்ந்த அளவுக்கு மூளை வளரவில்லை என்று சிரித்திருக்கிறார்.

"டாக்டரை ஏமாத்திட்டேன் சார். கோச் பக்கம் திரும்பி, 'அப்பா, நம்ம வண்டி எங்க நிக்குது'ன்னு கேட்டேனாம். எங்கப்பா நான் சின்னப் பையனா இருக்கும்போதே செத்துட்டார்."

இன்னொரு அடி விழுந்திருந்தால் அன்றைக்கே உயிர் போயிருக்கும் என்று பிறகு பார்த்த டாக்டர் சொன்னாராம். கோச் வேலையை விட்டுப் போகும் முன் ஏமாற்றிய அத்தனை பேரையும் மறுபடி உட்கார வைத்து, ஒழுங்காக டெஸ்ட் எடுக்க வைத்துவிட்டுத்தான் போனாராம்.

பர்லுக்குக் குரல் இறங்கிவிட்டது.

"இதை அவரே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"சொன்னா அப்ப எங்களை காலேஜை விட்டுத் துரத்தியிருப்பாங்க. இப்ப என் ஸ்கூல் வேலை போயிடும். அதான் சார்."

ஜேஸ் இன்னொன்றும் சொன்னான்.

"இப்பகூட உங்க வராண்டாவுல நின்னு எனக்கு போன் பண்ணினார். 'உன்னைக் கூப்பிடுவாங்கடா, பழைய மாதிரியே சண்டைன்னு சொல்லிடு, எனக்கு டயர்க் கடை போதும்'னார். நான் சொல்லல."